புள்ளி தெரிகிறதா?

வெளி மானிட்டரில் எழுத்து மங்குகிறது, கறுப்பு வெளுக்கிறது, நிறம் மாறுகிறது. பழி திரைமேல் விழுகிறது. கோளாறு பெரும்பாலும் வேறு இடத்தில் இருக்கிறது.

"தம்பி, என் கண்ணு போயிட்டிருக்கு போல" என்று அய்யா போனில் சொன்னபோது எனக்கு அடிவயிறு கலங்கியது.

அய்யா எனக்கு ஒன்பதாம் வகுப்பில் தமிழ் நடத்தியவர். ஓய்வு பெற்றபின் கும்பகோணத்தில் வீட்டிலிருந்தபடியே பதிப்பகங்களுக்கு மெய்ப்புப் பார்த்துக் கொடுக்கிறார். முன்பு கட்டுக் கட்டாகத் தாள் வரும். இப்போது பிடிஎஃப் வருகிறது. லேப்டாப்பின் சின்னத் திரைமேல் குனிந்து குனிந்து கழுத்து பிடித்துக்கொள்கிறதே என்று மகன் 24 அங்குல மானிட்டர் ஒன்றை வாங்கி அனுப்பினார். கழுத்துவலி நின்றது. ஆனால் எழுத்தெல்லாம் நீர் கோத்த கண்ணால் பார்ப்பதுபோல் கலங்கித் தெரிந்தது. ஒரு புத்தகத்தில் 'பல்' என்று இருக்கவேண்டிய இடத்தில் 'பல' என்று இருந்ததை அய்யா கோட்டைவிட்டார். நாற்பது ஆண்டு திருத்திய கை அது. அந்த ஒரு புள்ளி அவரைத் தூங்கவிடவில்லை. கண் மருத்துவரிடம் போனார், கண்ணாடி மாற்றினார். கலங்கல் அப்படியே இருந்தது.

ஒரு கல்யாணத்துக்காகக் கும்பகோணம் போயிருந்த நான், மறுநாள் காலை அந்த மானிட்டர் முன்னால் உட்கார்ந்தேன். என் கண்ணுக்கும் கலங்கலாகத்தான் தெரிந்தது. "அய்யா, உங்க கண்ணுக்கு ஒண்ணுமில்லை" என்றேன். நம்பாமல் பார்த்தார். அன்று சாயங்காலம்வரை அங்கேயே இருந்தேன்.

அந்த ஒரு நாளை இங்கே எழுதக் காரணம், அய்யாவின் நிலையில் நிறையப் பேர் இருக்கிறார்கள். வீட்டிலிருந்து வேலை பார்ப்பது வழக்கமான பிறகு, லேப்டாப்போடு ஒரு வெளி மானிட்டரை மாட்டிக்கொள்வது சாதாரணமாகிவிட்டது. மாட்டியதும் ஏதோ ஒரு படம் வந்துவிடுகிறது. வந்ததே போதும் என்று அதோடு பழகிவிடுகிறார்கள். தலைவலி வந்தால் மாத்திரை, கண் எரிந்தால் சொட்டு மருந்து. மானிட்டர் தன்னிடம் வந்து சேர்வதைத்தான் காட்டும். வந்து சேரும் வழியில் நாலைந்து இடங்களில் படம் கெட வாய்ப்பிருக்கிறது. அந்த இடங்கள் எவை என்று தெரிந்தால், காசு செலவழிக்காமலே பல திரைகள் தெளிந்துவிடும்.

பதினைந்து புள்ளிக் கோலம்

முதல் கோளாறு கண்ணில் பட இரண்டு நிமிடம்கூட ஆகவில்லை. அய்யாவின் லேப்டாப் திரையில் குறுக்காக 1366, நெடுக்காக 768 பிக்ஸல்கள். புது மானிட்டரில் 1920-க்கு 1080. இரண்டையும் இணைத்த பையன், லேப்டாப்பில் தெரிவதே மானிட்டரிலும் தெரியும்படி 'டூப்ளிகேட்' முறையில் வைத்துவிட்டுப் போயிருக்கிறான். அந்த முறையில் இரண்டு திரைக்கும் ஒரே கணக்குத்தான். சின்னதன் கணக்குக்குப் பெரியது இறங்கிவர வேண்டியிருந்தது.

இதில் என்ன கெட்டுவிடும்? வாசலில் புள்ளிக்கோலம் போடுகிறவர்களுக்கு எளிதில் விளங்கும். பதினைந்து புள்ளிக்கென்று யோசித்த கோலத்தை, இருபத்தொரு புள்ளி வைத்த தரையில் போடச் சொன்னால் எப்படி இருக்கும்? ஒரு புள்ளியில் முடியவேண்டிய வளைவு, அதற்கும் அடுத்த புள்ளிக்கும் நடுவில் போய் நிற்கும். 1366-ஐ 1920-க்கு இழுத்தால் ஒவ்வொரு பிக்ஸலும் ஏறக்குறைய 1.4 பிக்ஸல் ஆகவேண்டும். திரையால் 0.4 பிக்ஸலை மட்டும் ஏற்ற முடியாது. கறுப்பை அண்டை பிக்ஸல்களுக்கும் சாம்பலாகப் பங்கிட்டுவிடும். கூர்மையான கோட்டுக்கு இருபுறமும் புகை படிந்ததுபோல் ஆவது இதனால்தான்.

பழைய கனமான டப்பா மானிட்டர்களில் இந்தத் தொல்லை இவ்வளவு இல்லை. அவற்றில் மின்கதிர் ஓடிப் படம் வரைந்தது. எந்தக் கணக்கில் அனுப்பினாலும் ஓரளவு ஒத்துப்போகும். எல்சிடி அப்படியில்லை. தொழிற்சாலையிலேயே எண்ணிப் பதித்த கட்டங்கள் அவை. ஃபுல் எச்டி திரை என்றால் 20,73,600 பிக்ஸல்கள், கூடவும் இல்லை குறையவும் இல்லை. லேப்டாப் அனுப்பும் ஒவ்வொரு பிக்ஸலும் திரையின் ஒரு பிக்ஸலில் போய் உட்கார்ந்தால்தான் படம் முழுத் தெளிவு பெறும். எழுத்து சின்னதாக இருக்கிறதே என்று ரெசல்யூஷனைக் குறைத்து வைக்கிறவர்கள் பலர். அவர்கள் ரெசல்யூஷனைத் தொடாமல் 'ஸ்கேலிங்' விழுக்காட்டைக் கூட்டவேண்டும். அப்போது எழுத்து பெரிதாகப் புதிதாய் வரையப்படும், இழுக்கப்படாது.

விண்டோஸ் பொத்தானையும் பி எழுத்தையும் சேர்த்து அழுத்தி, 'செகண்ட் ஸ்க்ரீன் ஒன்லி' என்பதைத் தேர்ந்தேன். லேப்டாப் திரை அணைந்தது. மானிட்டர் ஒருமுறை கண்சிமிட்டி 1920-க்கு 1080-இல் வந்து நின்றது. லேப்டாப் திரையும் வேண்டும் என்கிறவர்களுக்கு 'எக்ஸ்டெண்ட்' இருக்கிறது. அதில் இரண்டு திரையும் தத்தம் கணக்கில் இயங்கும். நிஜமாகவே சரியான கணக்கில்தான் போகிறதா என்று பார்க்க, டிஸ்பிளே செட்டிங்ஸுக்குள் 'அட்வான்ஸ்டு டிஸ்பிளே' பகுதிக்குப் போகலாம். 'டெஸ்க்டாப் மோட்', 'ஆக்டிவ் சிக்னல் மோட்' என்று இரண்டு வரிகள் இருக்கும். இரண்டிலும் மானிட்டரின் சொந்த எண்ணே இருக்கவேண்டும். ஒன்றில் ஒன்று, மற்றதில் வேறொன்று இருந்தால், நடுவில் யாரோ படத்தை இழுக்கிறார்கள் என்று பொருள்.

அய்யா முன்னால் வந்து பார்த்தார். "தேவலாம்" என்றார். வாய்தான் சொன்னது, முகம் சொல்லவில்லை.

எழுத்துக்கு ஒரு நிழல்

எனக்கும் திருப்தியில்லை. எழுத்துகளின் வலப்பக்கத்தில் மெல்லிய நிழல் ஒன்று ஒட்டியிருந்தது. பின்னால் தடவிப் பார்த்தேன். இரண்டு பக்கமும் திருகு வைத்த, பதினைந்து ஊசியுள்ள நீலத் தலை. விஜிஏ கேபிள். ஐபிஎம் நிறுவனம் 1987-இல் தன் கணினிகளோடு கொண்டுவந்த தரம் அது. அன்று 640-க்கு 480 பிக்ஸல் பெரிய விஷயம். மானிட்டர் வந்த பெட்டியிலேயே அந்த கேபிள்தான் இருந்ததாம், அதையே மாட்டிவிட்டார்கள்.

விஜிஏவில் படம் எண்ணாகப் போவதில்லை. மின்னழுத்தத்தின் ஏற்ற இறக்கமாகப் போகிறது. ஃபுல் எச்டிக்கு நொடிக்கு ஏறக்குறைய 14.85 கோடி பிக்ஸல் கணக்கு. அந்த ஓட்டத்தை மானிட்டர் சரியான கணத்தில் அளந்து, இது ஒரு பிக்ஸல், இது அடுத்தது என்று பிரிக்கவேண்டும். அளக்கும் கணம் இம்மி தவறினாலும் ஒரு பிக்ஸலின் கறுப்பு பக்கத்துப் பிக்ஸலில் கசியும். மலிவான, நீளமான கேபிளாக இருந்தால் நிழலும் சேரும்.

விஜிஏவை விட்டால் வேறு வழியே இல்லாத பழைய கணினிகளுக்கு ஒரு யோசனை: திரை நிறைய எழுத்துள்ள வெள்ளைப் பக்கம் ஒன்றைத் திறந்து வைத்துக்கொண்டு, மானிட்டரில் உள்ள 'ஆட்டோ' பொத்தானை அழுத்துங்கள். நிறைய விளிம்புகள் கண்முன் இருந்தால்தான் மானிட்டரால் சரியாக அளவெடுக்க முடியும். வெறும் நீலநிற டெஸ்க்டாப்பில் அழுத்தினால் அதற்குப் பிடிமானம் இருக்காது. ஆனால் அய்யாவின் லேப்டாப்பில் எச்டிஎம்ஐ துளை இருந்தது. கடைத்தெருவுக்கு நடந்துபோய் ஒன்றரை மீட்டர் கேபிள் ஒன்று வாங்கி வந்தேன்.

கடைக்காரர் தங்கமுலாம் பூசிய விலை உயர்ந்த கேபிள் ஒன்றையும் எடுத்துக் காட்டினார், "கலர் தூக்கலா இருக்கும் சார்" என்று. எனக்கு இதில் உறுதியான கருத்து உண்டு: டிஜிட்டல் கேபிளால் நிறத்தைக் கூட்ட முடியாது. அது கொண்டுபோவது எண்களை. எண்கள் சரியாகப் போய்ச் சேர்ந்தால் படம் அச்சாக வரும். சேராவிட்டால் திரையில் மினுமினுவென்று பொறிகள் தெறிக்கும், படம் அறுந்து அறுந்து வரும். கொஞ்சம் அழகான படம், கொஞ்சம் சுமாரான படம் என்ற இடைநிலை அதில் கிடையாது. கேபிளில் பார்க்கவேண்டியது அதன் வேகத் தரம். ஃபுல் எச்டிக்குச் சாதாரண 'ஹை ஸ்பீட்' கேபிள் தாராளம். 4கே திரையை நொடிக்கு 60 முறை புதுப்பிக்க 'பிரீமியம் ஹை ஸ்பீட்' முத்திரை, அதற்கும் மேலே போகிறவர்களுக்கு 'அல்ட்ரா ஹை ஸ்பீட்' முத்திரை.

4கே வாங்கியவர்களுக்கு இங்கே ஒன்று சொல்லவேண்டும். சுட்டியை நகர்த்தினால் தேன் மேல் நகர்வதுபோல் இழுக்கிறது என்று குறைப்படுகிறவர்கள், முதலில் புதுப்பிப்பு வேகத்தைப் பாருங்கள். 2009-இல் வந்த எச்டிஎம்ஐ 1.4 தரத்தால் 4கே படத்தை நொடிக்கு 30 முறைதான் அனுப்ப முடியும். 60 வேண்டுமானால் 2013-இல் வந்த 2.0 வேண்டும். லேப்டாப், கேபிள், மானிட்டரின் துளை ஆகிய மூன்றில் எது பழையதோ அதன் வேகம்தான் கிடைக்கும். டிஸ்பிளேபோர்ட் வழி இருந்தால் அதில் மாட்டுவது நல்லது, 1.2 பதிப்பிலிருந்தே அது 4கேயை 60-இல் கொண்டுபோகிறது. யூஎஸ்பி-சி துளைகளில் எல்லாமே படம் அனுப்பும் என்று நினைத்துவிடாதீர்கள், சிலவற்றால் மின்னேற்றவும் கோப்பு மாற்றவும் மட்டுமே முடியும். யூஎஸ்பி-சியில் மாட்டும் மலிவான இணைப்புப் பெட்டிகள் பலவும், யூஎஸ்பி வேகத்துக்குப் பாதிப் பாதையை ஒதுக்கிவிட்டு, மீதிப் பாதையில் 4கேயை 30-ஆக அனுப்புகின்றன.

கறுப்பு ஏன் சாம்பலானது

எச்டிஎம்ஐ மாட்டியதும் நிழல் போய்விட்டது. எழுத்துகளின் விளிம்பு கத்திபோல் நின்றது. ஆனால் புதிதாக ஒன்று முளைத்தது: கறுப்பெழுத்து கறுப்பாக இல்லை. கரும்பலகையைச் சரியாகத் துடைக்காமல் விட்டதுபோல் மொத்தத் திரையிலும் ஒரு சாம்பல் பூத்திருந்தது.

இதன் வேர் தொலைக்காட்சியில் இருக்கிறது. கணினி, கறுப்பை 0 என்றும் வெள்ளையை 255 என்றும் எழுதும். தொலைக்காட்சி உலகமோ சமிக்ஞை மேலும் கீழும் தளும்ப இடம் விட்டு, கறுப்பை 16 என்றும் வெள்ளையை 235 என்றும் வைத்துக்கொண்டது. எச்டிஎம்ஐ தொலைக்காட்சி வீட்டுப் பிள்ளை. அதன் வழியே 1080 வரிப் படம் போகிறது என்றதும், எதிரே இருப்பது டிவி என்று சில கிராஃபிக்ஸ் மென்பொருள்கள் முடிவு கட்டிவிடும். 16-லிருந்து 235-க்குள் சுருக்கி அனுப்பும். கணினி மானிட்டர் அதை விரிக்காமல் அப்படியே காட்டும். 16 என்பது அதற்குக் கறுப்பு இல்லை, அடர்சாம்பல். 235 வெள்ளையும் இல்லை. நல்ல மானிட்டரைச் சோகை பிடித்ததாகக் காட்டுவதில் இதற்கு நிகர் வேறு கோளாறு இல்லை என்பேன். 'இந்த மானிட்டர் வெளுப்பு' என்று திருப்பிக் கொடுக்கப்பட்டவற்றில் எத்தனை இதனால் போயினவோ என்று நினைக்கும்போது வருத்தமாக இருக்கிறது.

இன்டெல் மென்பொருளில் 'குவான்டைசேஷன் ரேஞ்ச்', என்விடியாவில் 'அவுட்புட் டைனமிக் ரேஞ்ச்', ஏஎம்டியில் 'பிக்ஸல் ஃபார்மட்' என்ற பெயர்களில் இது ஒளிந்திருக்கிறது. 'லிமிடெட்' என்றிருப்பதை 'ஃபுல்' ஆக்கவேண்டும். மானிட்டரின் பட்டியலிலும் 'பிளாக் லெவல்' அல்லது 'இன்புட் ரேஞ்ச்' என்று இதற்கு ஜோடி ஒன்று இருக்கலாம், இரண்டும் ஒத்துப்போகவேண்டும். கணினி முழுதாக அனுப்ப, மானிட்டர் சுருக்கியது வருகிறதென்று எண்ணிக்கொண்டால் எதிர்க்கோளாறு வரும்: இருட்டான பகுதிகளின் நுணுக்கமெல்லாம் கறுப்பில் மூழ்கிவிடும்.

டிவி வீட்டிலிருந்து வந்த இன்னொரு பழக்கம், படத்தின் ஓரத்தை வெட்டுவது. கீழே டாஸ்க்பாரில் பாதி காணவில்லை, அல்லது நாலு பக்கமும் கறுப்புச் சட்டம் என்றால் அதுதான். டிவியையே மானிட்டராக வைத்திருப்பவர்களுக்கு இது அதிகம் நேரும். 'ஜஸ்ட் ஸ்கேன்', 'ஸ்க்ரீன் ஃபிட்', '1:1' என்று எந்தப் பெயரில் இருந்தாலும் தேடிப் போடுங்கள். டிவியில் அந்த இணைப்புக்கு 'பிசி' என்று பெயர் வைக்க இடமிருந்தால் அதையும் செய்யுங்கள். வெட்டுவதோடு நில்லாமல் நிறத் தகவலைப் பாதியாக்கும் பழக்கமும் டிவிக்கு உண்டு. மனிதக் கண்ணுக்கு வெளிச்ச வேறுபாடு தெரிகிற அளவு நிற வேறுபாடு தெரியாது என்பதால், சினிமா பார்க்கையில் அந்தக் குறை உறைக்காது. எழுத்தில் உறைக்கும். கறுப்புப் பின்னணியில் சிவப்பெழுத்து எழுதிப் பாருங்கள், குங்குமம் ஈரத்தில் கரைந்ததுபோல் இருந்தால் சமிக்ஞையை ஆர்ஜிபி அல்லது 4:4:4-க்கு மாற்றவேண்டும்.

ஓலையில் இல்லாத புள்ளி

மதியச் சாப்பாட்டின்போது அய்யா சுவடிகளைப் பற்றிப் பேசினார். மெய்யெழுத்துக்குப் புள்ளி உண்டென்று தொல்காப்பியம் சொல்லியிருந்தாலும், ஓலையில் எழுதியவர்கள் பெரும்பாலும் புள்ளி வைக்கவில்லை. எழுத்தாணி குத்தினால் ஓலை பொத்துவிடும். உ.வே. சாமிநாதையர் போன்றவர்கள் அச்சுக்குக் கொண்டுவந்தபோது இது மெய்யா உயிர்மெய்யா என்று இடம் பார்த்து முடிவு செய்யவேண்டியிருந்தது. "அச்சு வந்துதான் புள்ளி நெலைச்சுது தம்பி. இப்ப மறுபடியும் ஓலைக் காலத்துக்கே வந்துட்டமோன்னு நெனச்சேன்" என்றார்.

அவர் சொன்னதில் கணக்கும் இருக்கிறது. விண்டோஸில் 12 பாயின்ட் எழுத்தை நூறு விழுக்காட்டில் காட்டினால் அதற்குக் கிடைக்கும் மொத்த உயரமே 16 பிக்ஸல். அதற்குள் கொம்பு, விசிறி, சுழி எல்லாம் அடங்கவேண்டும். மெய்ப்புள்ளிக்கு மிஞ்சுவது ஒன்றோ இரண்டோ பிக்ஸல். அந்த ஒன்றைத்தான் 1.4 மடங்கு இழுப்பு, விஜிஏ கசிவு, சாம்பல் பூப்பு என்று வரிசையாக வந்து தின்றிருக்கின்றன. ஆங்கில எழுத்து இந்தக் கொடுமையைச் சற்றுத் தாங்கும். மனத்துக்கும் மணத்துக்கும் இடையே இருப்பது ஒரே ஒரு சுழி; தமிழால் தாங்க முடியாது.

புது மானிட்டர் வாங்குகிறவர்கள் அங்குலத்தை மட்டும் பார்க்காமல் பிக்ஸல் எவ்வளவு நெருக்கம் என்று பார்க்கவேண்டும் என்பது இதனால்தான். குறையில்லாத கண், 60 செ.மீ. தூரத்தில் 0.17 மி.மீ. அளவுக்குப் பிரித்தறியும். 24 அங்குல ஃபுல் எச்டியில் ஒரு பிக்ஸல் சுமார் 0.27 மி.மீ. அதே ஃபுல் எச்டியை 27 அங்குலத்தில் வாங்கினால் 0.31, கட்டம் கண்ணுக்கே தெரியும். 27 அங்குலத்தில் 2560-க்கு 1440 என்றால் 0.23. அதே அளவில் 4கே என்றால் 0.155, கண்ணின் எல்லைக்கும் கீழே போய்விடுகிறது. நாள் முழுக்கத் தமிழ் படிப்பதே தொழில் என்கிறவர்களுக்கு 27 அங்குல 4கேயை 150 விழுக்காடு ஸ்கேலிங்கில் வைத்துக்கொள்ளச் சொல்வேன். காசு இடிக்கிறதென்றால் 24 அங்குல ஃபுல் எச்டி நல்லது. 27 அங்குல ஃபுல் எச்டியை எழுத்து வேலைக்கு நான் யாருக்கும் சொல்லமாட்டேன்.

ஸ்கேலிங் கூட்டியபின் ஒரு சில மென்பொருள்கள் மட்டும் மங்கலாக நிற்கும். டிடிபி செய்கிறவர்களுக்கு இது நன்றாகத் தெரியும். பேஜ்மேக்கரின் கடைசிப் பதிப்பு வந்தது 2001-இல். இவ்வளவு நெருக்கமான திரைகளை அது கனவிலும் கண்டதில்லை. ஸ்கேலிங் தெரியாத மென்பொருளை விண்டோஸ் சின்னதாகவே வரையவிட்டு, வரைந்ததைப் படமாக எடுத்து இழுத்து ஒட்டும். அந்த மென்பொருளின் 'ப்ராப்பர்ட்டீஸ்', அதில் 'கம்பாட்டிபிலிட்டி', அதற்குள் 'சேஞ்ச் ஹை டிபிஐ செட்டிங்ஸ்' என்று போய் 'சிஸ்டம் என்ஹான்ஸ்டு' என்பதை வைத்துப் பாருங்கள், பல பழைய மென்பொருள்கள் தெளியும். ஸ்கேலிங்கை மாற்றிய பிறகு ஒருமுறை சைன்-அவுட் செய்து வரவும் மறக்கவேண்டாம்.

கடை வெளிச்சம், வீட்டு வெளிச்சம்

மானிட்டரின் சொந்தப் பட்டியலைத் திறந்தேன். தொழிற்சாலையில் வைத்தபடியே இருந்தது. வெளிச்சம் உச்சத்துக்குப் பக்கத்தில், பட முறை 'விவிட்', 'ஷார்ப்னெஸ்' எழுபத்தைந்து. கடை விளக்குகளின் நடுவே பத்து மானிட்டர்களோடு போட்டிபோட வைத்த அமைப்பு அது. வீட்டில் ஒரு மனிதர் ஆறு மணி நேரம் உட்கார்ந்து படிப்பதற்கு அது உதவாது.

ஷார்ப்னெஸ் என்ற பெயரைப் பார்த்துக் கூட்டக் கூட்டத் தெளிவு வரும் என்று நம்புகிறார்கள். எண்ணாக வந்து சேர்ந்த படத்தில் கூட்டுவதற்கு எந்தத் தெளிவும் மிச்சமில்லை. அது செய்வது எழுத்தைச் சுற்றி வெள்ளை வரப்புக் கட்டுவதுதான். இளஞ்சாம்பல் பின்னணியில் கறுப்பெழுத்தைத் திறந்து வைத்து, எழுத்தைச் சுற்றிய வெள்ளைக் கோடு மறையும்வரை குறைத்துக்கொண்டே வாருங்கள். சில மானிட்டர்களில் அந்த நடுநிலை பூஜ்யத்தில் இருக்கும், சிலவற்றில் ஐம்பதில். அதற்கும் கீழே போனால் மங்கத் தொடங்கும். அய்யாவுடையது ஐம்பதில் நின்றது. 'டைனமிக் கான்ட்ராஸ்ட்', 'சூப்பர் ரெசல்யூஷன்' போன்றவற்றை அணைத்தேன். விண்டோஸில் எச்டிஆர் இருந்தால், சாதாரண மானிட்டர்களில் எழுத்து வேலைக்கு அதையும் அணைத்து வைப்பதே நல்லது. 'எச்டிஆர் 400' என்ற முத்திரையோடு வருபவற்றில் பெரும்பாலானவற்றுக்கு, ஓரிடம் இருட்டாகவும் பக்கத்து இடம் பளீரென்றும் காட்டத் தேவையான தனித்தனி விளக்கு அமைப்பு கிடையாது. போட்டால் வெளுப்புதான் மிஞ்சும்.

வெளிச்சத்தை எவ்வளவு குறைப்பது? கருவி வேண்டாம். ஒரு வெள்ளைத்தாளைத் திரைக்குப் பக்கத்தில், அறையின் வெளிச்சம் படும்படி பிடியுங்கள். திரையில் வெற்று வெள்ளைப் பக்கம் திறந்திருக்கட்டும். திரை, விளக்குபோல் ஒளிர்ந்தால் அதிகம். தாளைவிடப் பழுப்பாகத் தெரிந்தால் குறைவு. இரண்டும் ஒரே மாதிரி தெரிகிற இடம்தான் உங்கள் அறைக்கு அளவு. இரவில் இன்னொருமுறை பார்க்கவேண்டியிருக்கும். அய்யாவின் அறையில் அது முப்பத்தைந்தில் வந்து நின்றது. அதுவரை தொண்ணூறில் பார்த்துக்கொண்டிருந்தார்.

கல்யாண ஆல்பம் செய்கிறவர்கள் இந்தத் தாள் சோதனையைக் கட்டாயம் செய்யவேண்டும். பிரின்ட் இருட்டாக வந்துவிட்டது என்று லேபோடு நடக்கும் சண்டைகளில் பெரும்பாலானவற்றின் மூலம், வடிவமைத்தவரின் மானிட்டர் பளீரென்று எரிந்ததுதான். அங்கே அழகாகத் தெரியும்படி படத்தை இருட்டாக்கிவிடுகிறார். தாளுக்குச் சொந்த வெளிச்சம் கிடையாதே. நிறத்திலும் ஒரு பொறி உண்டு. இணையப் படங்களும் சாதாரண கேமராப் படங்களும் 1996-இல் எச்பியும் மைக்ரோசாஃப்டும் முன்வைத்த எஸ்ஆர்ஜிபி என்ற நிற எல்லைக்குள் எழுதப்பட்டவை. புதிய மானிட்டர்கள் பல அதைவிட அகன்ற எல்லை கொண்டவை. அதே எண்ணை அகன்ற எல்லையில் காட்டினால் மாம்பழ நிறப் பட்டு ஆரஞ்சாகும், மணமக்கள் முகம் வெயிலில் சிவந்ததுபோல் ஆகும். பார்க்கக் கவர்ச்சியாக இருக்கும், ஆனால் பொய். மானிட்டரின் பட்டியலில் 'எஸ்ஆர்ஜிபி' முறை இருந்தால் அதைப் போடுங்கள். நிறமே பிழைப்பு என்கிறவர்கள் திரையில் தொங்கவிட்டு அளக்கும் கருவி ஒன்றை வாங்கிவிடுவது நல்லது. நண்பர்கள் சிலர் சேர்ந்துகூட வாங்கலாம். அடுத்தவர் மானிட்டரில் எடுத்த அளவை மட்டும் நகலெடுக்காதீர்கள். ஒரே மாடலாக இருந்தாலும் இரண்டு திரைகள் அப்படியே ஒத்திருப்பதில்லை.

மானிட்டர் இருந்த இடமும் சரியில்லை. அய்யாவின் முதுகுக்கு நேர்ப் பின்னால் ஜன்னல். காவிரிக்கரை மத்தியான வெயில் முழுவதும் திரையில் விழுந்துகொண்டிருந்தது. சாதாரண ஐபிஎஸ் திரையின் வெள்ளை அதன் கறுப்பைவிட ஏறக்குறைய ஆயிரம் மடங்கு பிரகாசம். வெயில் பட்டால் அந்தக் கறுப்பின் மேல் வெளிச்சம் ஏறி, ஆயிரம் என்பது சில பத்துகளுக்கு இறங்கிவிடும். மேசையைத் திருப்பி, ஜன்னல் பக்கவாட்டில் வரும்படி போட்டோம். திரையின் ஓரத்தில் பெட்டியிலிருந்து வந்த பிளாஸ்டிக் தாள் இன்னும் ஒட்டியிருந்தது. அழுக்குப் படாமல் இருக்கட்டும் என்று வைத்திருந்தாராம். உரித்தேன். அணைத்துவிட்டு, மென்மையான துணியை லேசாக நனைத்துத் துடைத்தேன். கண்ணாடி துடைக்கும் திரவம் வேண்டாம், அது திரைப்பூச்சை அரிக்கும்.

மிஞ்சியது ஒன்று. அய்யா படிக்கும்போது மோவாயைத் தூக்கி, கழுத்தைப் பின்னால் சாய்த்துப் பார்த்தார். புதுக் கண்ணாடியில், அடிப்பகுதி புத்தகத் தூரத்துக்கு, மேற்பகுதி தெருத் தூரத்துக்கு. மானிட்டரோ இரண்டுக்கும் நடுவில், 65 செ.மீ. தூரத்தில் நிற்கிறது. கண்ணாடியின் எந்தப் பகுதிக்கும் அது சொந்தமில்லை. மேல் விளிம்பு கண்ணுக்கு நேராக இருக்கட்டும் என்ற வழக்கமான யோசனை இப்படிப்பட்ட கண்ணாடி அணிந்தவர்களுக்குப் பொருந்தாது; இன்னும் தாழ்த்தவேண்டும். மானிட்டருக்கு அடியில் வைத்திருந்த தடித்த அகராதி இரண்டையும் எடுத்துவிட்டு, திரையைச் சற்று மேல்நோக்கிச் சாய்த்தேன். அடுத்தமுறை மருத்துவரிடம் போகும்போது மேசையில் உட்கார்ந்து திரைவரை டேப் பிடித்து அளந்து, அந்தத் தூரத்தைச் சொல்லித் தனிக் கண்ணாடி கேளுங்கள் என்றேன். ஒரு துண்டுத்தாளில் '65' என்று எழுதி மூக்குக்கண்ணாடிக் கூட்டுக்குள் வைத்துக்கொண்டார்.

மணி ஐந்தேகால். எனக்கு ஆறரைக்கு பஸ். அய்யா உட்கார்ந்து, பெரிதாக்காமல் ஒரு பக்கத்தைத் திறந்தார். விரலைத் திரையில் படாமல் பிடித்துக்கொண்டு வரி வரியாக நகர்த்தினார். 'கிண்ணம்' என்ற சொல்லில் நின்றார். முதல் ணகரத்தின் தலையில் புள்ளி தனியாக, கறுப்பாக, உருண்டையாக நின்றது. அதன் சுழிகளை வாய்க்குள் எண்ணினார்.

பிறகு வேறொரு கோப்பைத் திறந்தார். அந்த வாரம் அனுப்பவேண்டிய நூல், 212 பக்கம். முந்தாநாளே பார்த்து முடித்து, அனுப்புவதற்காக வைத்திருந்தது.

"நீ கெளம்பு தம்பி, பஸ்ஸ விட்டுடாதே" என்றார் திரையிலிருந்து கண்ணை எடுக்காமல். "நான் இத மொதப் பக்கத்துலேருந்து பாக்கணும்."